பஞ்சு சுற்றியும் கக்கம் வலிக்கிறதே?

ஈரோடு பக்கத்திலிருந்து 44 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஜவுளிக் கடையில் பில் போடும் வேலை. மூன்று வாரத்துக்கு முன் காலையில் கடைக்குப் போகும்போது ஸ்கூட்டி சறுக்கி விழுந்து, இடது முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு உடைந்திருக்கிறது. பிளேட் வைத்து ஆபரேஷன் நடந்தது. ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்பது சர்ஜன் உத்தரவு. கொழுந்தனாருக்கு முன்பு அடிபட்டபோது வாங்கிய, கக்கத்தில் வைத்து நடக்கும் அலுமினிய ஊன்றுகட்டைகள் வீட்டில் இருந்ததால், அவற்றையே வைத்துக்கொண்டு நடக்கிறார்.

முதல் வாரத்திலேயே இரண்டு கக்கத்திலும் தோல் உரிந்துவிட்டதாம். மாமியார் கட்டையின் தலையில் ஸ்பாஞ்சு வைத்து, பழைய வேட்டித் துணியைத் தடிமனாகச் சுற்றிக் கொடுத்திருக்கிறார். இரண்டு நாள் சுகமாக இருந்தது, அப்புறம் முன்னைவிட மோசமாகிவிட்டது. இப்போது உள்ளங்கையும் எரிகிறது. ஒரு வாரமாக வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. ‘சர்க்கரை வந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை’ என்று எழுதியிருக்கிறார். ஆன்லைனில் விற்கும் ஜெல் பேடு வாங்கலாமா, முன்கையில் வளையம் மாட்டும் முழங்கைக் கட்டைக்கு மாறலாமா, ஒரே கட்டையோடு சமாளிக்க முடியுமா, அரசாங்கத்தில் ஏதாவது கிடைக்குமா, அடுத்த மாதம் தங்கை மகன் காதுகுத்துக்குப் போகலாமா என்று வரிசையாகக் கேள்விகள். நடுவில் ஒரு வரி: ‘ராத்திரி பாத்ரூம் போகும்போது யாருக்கும் தெரியாமல் அந்தக் காலை லேசாக ஊன்றிவிடுகிறேன்.’

சகோதரி, நீங்கள் பேடைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைவிட அந்த இரண்டு விரல்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மரத்துப்போகும் விரல்கள்

சர்க்கரையால் வரும் மரத்துப்போதல் பெரும்பாலும் பாதத்தில்தான் தொடங்கும், அதுவும் இரண்டு பாதத்திலும். ஒரு கையில் இரண்டு விரலில் மட்டும், அதுவும் கட்டை பிடிக்க ஆரம்பித்த பிறகு வருவது என்றால் நரம்பு எங்கோ நசுங்குகிறது என்றே முதலில் நினைக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன் உங்களுக்குச் சர்க்கரை பார்த்திருப்பார்கள். அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்துவிடுங்கள், பாதிக் கவலை அங்கேயே தீரும்.

சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் ஒரு பாதிக்கும் உணர்ச்சி தரும் நரம்பு, உள்ளங்கையின் அடியில் சுண்டுவிரல் பக்கமாக, தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. கட்டையின் கைப்பிடி அந்த இடத்தில் அழுந்தினால் இந்த இரண்டு விரலும்தான் மரக்கும். இன்னொரு ஆபத்தான இடம் கக்கம். கைக்குப் போகும் முக்கியமான நரம்புகளும் பெரிய ரத்தக்குழாயும் அங்கே ஒன்றாகப் போகின்றன. கட்டையின் தலை அதில் நாள்கணக்கில் அழுந்தினால் நரம்பு சோர்ந்து, மணிக்கட்டை நிமிர்த்த முடியாமல் கை தொங்கிப்போகும். மருத்துவத்தில் நெடுங்காலமாகத் தெரிந்த பிரச்சினை இது. அழுத்தத்தை உடனே நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். ஆனால் அதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகலாம்.

இப்போதே இரண்டு சோதனைகள் செய்து பாருங்கள். டிராஃபிக் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தச் சொல்லும்போது காட்டுவதுபோல் கையை நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்துங்கள். முழுதாக நிமிர்கிறதா? அடுத்து, சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே ஒரு காகிதத்தைச் செருகி இறுக்கிப் பிடியுங்கள். இன்னொருவர் இழுத்தால் கொஞ்சமாவது தடுக்க முடிகிறதா? இரண்டையும் இடது கையோடு ஒப்பிடுங்கள். வலது கை பலவீனமாக இருந்தால் ஓரிரு நாளில் சர்ஜனிடம் காட்டுங்கள், அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். மணிக்கட்டு நிமிரவே இல்லை, கை வெளுத்துக் குளிர்ந்துபோகிறது என்றால் அன்றே போக வேண்டும். பலம் குறையவில்லை, மரப்பு மட்டும் வந்து வந்து போகிறது என்றால், கீழே சொல்லும் மாற்றங்களைச் செய்து ஒரு வாரம் பாருங்கள். குறையாவிட்டால் அப்போதும் காட்டத்தான் வேண்டும். எப்படியானாலும் இதை வீட்டில் மறைக்காதீர்கள்.

கட்டை யாருடைய அளவில் இருக்கிறது?

உங்கள் உயரம் 155 செ.மீ., கொழுந்தனார் 175 செ.மீ. இருப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். உயரத்திலிருந்து 40 செ.மீ.யைக் கழித்தால் வருவது கட்டையின் தோராயமான நீளம். அவருக்கு 135, உங்களுக்கு 115. அதாவது அவர் அளவிலேயே கட்டை இருந்தால் உங்களுக்கு 20 செ.மீ. கூடுதல். இந்த வகைக் கட்டைகளில் துளைகள் பொதுவாக ஒரு அங்குல இடைவெளியில் இருக்கும். கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய எட்டுத் துளை! ‘கொஞ்சம் இறக்கித்தான் வைத்தோம்’ என்கிறீர்கள். எவ்வளவு என்று டேப் வைத்து அளந்து பாருங்கள்.

உயரமான கட்டை நன்றாகத் தாங்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. கட்டை உயரமானால் தோள் காதுவரை தூக்கிக்கொள்ளும். கைப்பிடியும் உயரத்தில் நிற்பதால் முழங்கை அதிகமாக மடங்கும். மடங்கிய கையால் உங்கள் 68 கிலோவை நெடுநேரம் தாங்க முடியாது. கை சோர்ந்ததும் உடம்பு தானாகக் கட்டையின் தலையில் தொங்க ஆரம்பிக்கும். தோல் உரிந்ததற்குக் காரணம் இதுதான்.

மாமியாரின் அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் துணிச்சுற்று கட்டையை இன்னும் இரண்டு அங்குலம் உயர்த்திவிட்டது. ஸ்பாஞ்சு தோலுக்கு மெத்தென்று இருந்ததால் இரண்டு நாள் சுகம். அந்தச் சுகத்தில் நீங்கள் இன்னும் தாராளமாகத் தொங்கியிருப்பீர்கள். 800 ரூபாய் கொடுத்து ஜெல் பேடு வாங்கினாலும் இதே கதைதான் நடக்கும். கக்கத்தில் பாரமே ஏறக் கூடாது. பாரம் முழுவதும் கையில்தான் இறங்க வேண்டும். கட்டையின் தலை விலாவோடு ஒட்டி, ஆடாமல் நிற்பதற்கு மட்டுமே.

அளவு வைக்கும் முறை இது. நடக்கும்போது எந்தச் செருப்பைப் போடுவீர்களோ அதை வலது காலில் போட்டுக்கொண்டு, கட்டில் பக்கத்தில் நில்லுங்கள். கணவர் அருகில் இருக்கட்டும். கட்டைகளின் நுனி பாதத்துக்கு ஆறு அங்குலம் முன்னாலும், ஆறு அங்குலம் பக்கவாட்டிலும் இருக்கட்டும். தோளைத் தளர்த்திக்கொள்ளுங்கள். கக்கத்துக்கும் கட்டையின் தலைக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். துணி சுற்றியிருந்தால் துணிக்கு மேலிருந்து இந்த அளவு. அது சரியான பிறகு கைப்பிடிக்கு வாருங்கள். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அங்கே கைப்பிடி இருக்க வேண்டும். பிடித்தால் முழங்கை லேசாக மட்டும் மடங்கும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். அடிக்குழாயை உள்ளே தள்ளிக் கட்டையைக் குறைத்தால் கைப்பிடியும் கூடவே இறங்கிவிடும், அதனால் நீளம் முதலில், கைப்பிடி அப்புறம். பலர் நீளத்தை மாற்றிவிட்டுக் கைப்பிடியை மறந்துவிடுகிறார்கள். கடைசியாக ஸ்பிரிங் பட்டன் துளைக்கு வெளியே முழுதாக வந்திருக்கிறதா, பட்டர்ஃபிளை நட் இறுகியிருக்கிறதா என்று இரண்டு கட்டையிலும் பார்த்துவிடுங்கள்.

நடக்கும்போது மேல்கைக்கும் விலாவுக்கும் நடுவில் கட்டையை இடுக்கிப் பிடித்து, கைப்பிடியைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். கட்டைகளை ஒரு அடி தூரம் மட்டும் முன்னால் வையுங்கள். எட்டி வைத்தால் சறுக்கும். அடிபட்ட காலைப் பின்னால் மடக்கித் தூக்காமல் சற்று முன்னால் வைத்துக்கொண்டால் உடம்பு நேராக நிற்கும். இன்னொன்று, நடக்கும்போது சரியாக இருப்பவர்கள்கூட நின்று போன் பேசும்போது கட்டையில் சாய்ந்து தொங்குவார்கள். பேச வேண்டுமென்றால் உட்கார்ந்துவிடுங்கள். ஒற்றைக் காலில் கட்டையோடு நடப்பது சாதாரண நடையைவிட மிக அதிகமாகச் சக்தியைக் குடிக்கும். பத்து அடியில் மூச்சு வாங்குவதில் ஆச்சரியம் இல்லை. படுக்கையிலிருந்து சமையலறைக்குப் போகும் வழியில் நடுவே ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

மெத்து வேண்டிய இடம் கைப்பிடி

செலவு செய்ய நினைத்தால் கைப்பிடிக்குச் செய்யுங்கள். சைக்கிள் கடையில் கிடைக்கும் மெத்தென்ற ஃபோம் கிரிப்பை நீளவாக்கில் கீறிக் கைப்பிடியில் மாட்டி, நழுவாமல் டேப் சுற்றலாம். சைக்கிள் ஓட்டுபவர்கள் போடும், உள்ளங்கையில் ஜெல் வைத்த விரலில்லாக் கையுறையும் உதவும். ஆனால் உங்கள் கை சிறியது என்றால் ரொம்பத் தடிமனாக்க வேண்டாம். விரல்கள் சுற்றி மூடாத கைப்பிடியை இறுக்கிப் பிடித்துப் பிடித்தே கை ஓய்ந்துவிடும். மணிக்கட்டு பின்னால் வளையாமல் நேராக இருக்கட்டும். பாரத்தைச் சுண்டுவிரல் பக்கத்து மேட்டில் மட்டும் இறக்காமல் உள்ளங்கை முழுவதும் பரப்புங்கள். உட்காரும்போதெல்லாம் விரல்களை விரித்து மூடி, கையை உதறிக்கொள்ளுங்கள்.

கக்கத்துப் புண்ணுக்கு எண்ணெயும் வேண்டாம், பவுடரும் வேண்டாம். தோல் உரிந்த இடத்தில் இரண்டுமே தொல்லை. கழுவி, ஈரம் ஒற்றி, காற்றுப் படவிடுங்கள். கையில்லாத நைட்டிக்குப் பதில் கை வைத்த பருத்தி உடை போட்டால் கட்டைத் தலையின் ரெக்ஸின் நேராகத் தோலில் உரசாது. கட்டையின் தலைக்கு ஒரு சுற்று மெல்லிய பருத்தித் துண்டு போதும். தினமும் மாற்றித் துவைக்கிற மாதிரி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர் வெயிலில் வியர்வை ஊறிய ஸ்பாஞ்சுதான் அரிப்புக்கும் படைக்கும் வீடு. புண்ணில் சீழோ கெட்ட வாடையோ வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

முழங்கைக் கட்டை, வாக்கர், ஒற்றைக் கட்டை

முழங்கைக் கட்டை என்றதும் ‘அது போலியோ வந்தவர்களுக்கு, வீட்டுக்குள் கொண்டுவராதே’ என்று மாமியார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஐரோப்பிய நாடுகளில் கால் உடைந்தவர்களுக்குப் பெரும்பாலும் கொடுப்பதே முழங்கைக் கட்டைதான். கக்கத்துப் பக்கமே அது போகாது. எடை குறைவு. வளையம் முன்கையைப் பிடித்திருப்பதால் கதவைத் திறக்கக் கையை விட்டாலும் கட்டை விழாது. ஆனால் உங்களுக்கு இப்போதே அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இருக்கிறது. அதில் கக்கத்தில் தொங்க வழியே இல்லை, முழு எடையும் கையில். விரல் மரப்பவருக்கு, சாதாரண உருண்டைக் கைப்பிடி உள்ளதை வாங்கிக் கொடுத்தால் மரப்பு கூடலாம். அதற்குக் கைப் பலமும் நிதானமும் கொஞ்சம் அதிகம் வேண்டும். முதலில் இருக்கும் கட்டையைச் சரிசெய்து ஒரு வாரம் பாருங்கள். அப்புறமும் மாற நினைத்தால், இடது வலது என்று தனித்தனியாக, உள்ளங்கைக்கு ஏற்ற அகலக் கைப்பிடி உள்ள ஜோடியைப் பாருங்கள். வளையம் முழங்கை மடிப்புக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை அங்குலம் கீழே வர வேண்டும். கடையில் போட்டு நின்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

வாக்கரை நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். படியில் அது உதவாது. ஆனால் தூக்கக் கலக்கத்தில், சமதரையில், படுக்கையிலிருந்து பாத்ரூம் போக அதைப்போல் பத்திரமானது வேறில்லை. மருத்துவ உபகரணக் கடைகள் சிலவற்றில் மாத வாடகைக்கும் கிடைக்கும்.

ஒற்றைக் கட்டை இப்போது கூடவே கூடாது. ஒரு கட்டையோடு நடந்தால் அடிபட்ட காலில் பாரம் விழாமல் இருக்க வழியில்லை. சர்ஜன் காலை ஊன்ற அனுமதித்து, பலமும் வந்த பிறகு ஒற்றைக் கட்டைக்கு வரலாம். அப்போது அதை வலது கையில் பிடிக்க வேண்டும், அடிபட்ட இடது பக்கம் அல்ல. கேட்டால் எல்லோருக்கும் இது தலைகீழாகத் தோன்றும். நல்ல பக்கத்துக் கையில் இருக்கும் கட்டைதான் எதிர்க்கால் ஊன்றும் நேரத்தில் அதன் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும்.

இரவில் ஊன்றியதாகச் சொன்னீர்களே, அதை எனக்கு எழுதியது நல்லது. இனி சர்ஜனிடமும் சொல்லுங்கள். திட்டுவார் என்ற பயம் வேண்டாம். முழங்காலுக்குக் கீழே மூட்டை ஒட்டிய எலும்பு உடைந்தால், பாரம் விழும்போது மூட்டின் மேற்பரப்பு அமுங்கிவிடக் கூடாது என்றுதான் ஆறு வாரம் என்கிறார்கள். வலிக்கவில்லை என்பதால் எலும்பு கூடிவிட்டது என்று அர்த்தம் இல்லை. எக்ஸ்ரேயை எப்போது எடுக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்ய இந்தத் தகவல் தேவை.

பாத்ரூமும் மாடிப்படியும்

கட்டையின் அடியில் இருக்கும் ரப்பர் புஷ்ஷைத் திருப்பிப் பாருங்கள். வரிகள் தேய்ந்து வழவழவென்று இருந்தாலோ, ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்திருந்தாலோ இன்றே மாற்றுங்கள். கொழுந்தனார் பயன்படுத்திய கட்டை என்பதால் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பழையதைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போனால் அதே அளவில் சில பத்து ரூபாய்க்குக் கிடைத்துவிடும். இந்தக் கடிதத்தில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள். புதுப் புஷ்ஷும் சோப்புத் தண்ணீரில் வழுக்கத்தான் செய்யும். நீங்கள் போகும் முன் யாராவது தரையைத் துடைத்துவிடட்டும், வெளியே வந்ததும் புஷ்ஷையும் துடையுங்கள். இந்தியன் கழிப்பறையின் மேல் வைக்கும், நடுவில் ஓட்டை உள்ள கமோடு நாற்காலி ஒன்றும், குளிக்க ஆடாத ஸ்டூல் ஒன்றும் வேண்டும். எழும்போது குழாயையோ துண்டு போடும் கம்பியையோ பிடிக்காதீர்கள், அவை உங்கள் எடைக்குப் பொருத்தியவை அல்ல.

மாடியில் குடியிருக்கிறீர்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், அப்புறம் கட்டையும் அடிபட்ட காலும். இறங்கும்போது கட்டையும் அடிபட்ட காலும் முதலில், நல்ல கால் கடைசியில். கைப்பிடிச் சுவர் இருந்தால் ஒரு கை அதில், இன்னொரு கையில் கட்டை. கணவர் உங்கள் கையைப் பிடித்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். அது வேண்டாம், கட்டையை அழுத்தவே உங்களால் முடியாமல் போகும். உங்கள் இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டி அதைப் பின்னாலிருந்து அவர் பிடிக்கட்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் அவர் உங்களுக்கு ஒரு படி கீழே நிற்க வேண்டும். இறங்கும்போது அவர் உங்கள் முன்னால் வந்துவிடுவதால் அப்போது பெல்ட்டை முன்பக்கம் பிடிப்பார். கை ஓய்ந்த நாளில் படியில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நைட்டி தரையில் புரளாமல் கணுக்காலுக்கு மேல் இருக்கட்டும். ஹவாய் செருப்பு வேண்டாம், பின்பட்டி உள்ள செருப்பு ஒன்று. தண்ணீர் பாட்டில், போன் எல்லாம் குறுக்கே மாட்டும் பையில். கட்டையின் கைப்பிடியில் கூடைப்பையை மாட்டினால் கட்டை ஆடும்.

காலைத் தொங்கவிட்டால் பாதம் ஊதா நிறமாகிறது என்கிறீர்களே, படுத்துக் காலை உயர்த்தியதும் மாறினால் பயமில்லை. ஆனால் கெண்டைக்கால் திடீரென வீங்கி, இறுகி, தொட்டால் வலித்தாலோ, மூச்சுத் திணறி நெஞ்சு வலித்தாலோ நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம்.

அரசாங்கத்தில் கிடைப்பது

மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில் இலவசமாகக் கட்டை கேட்க நினைத்திருக்கிறீர்கள். அதற்கு 40 சதவீதத்துக்குக் குறையாத நீண்டகால இயலாமைக்கான சான்றிதழ் வேண்டும். குணமாகிவிடும் எலும்பு முறிவுக்கு அதைத் தர மாட்டார்கள். அலைய வேண்டாம். உங்கள் வழி வேறு. சம்பளச் சீட்டில் ஈஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறது என்கிறீர்கள். ‘கடைக்குள் விழவில்லையே’ என்று நீங்களாகவே விட்டுவிட்டீர்கள். 2010ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தையும், நேரமும் வழியும் வேலையோடு பொருந்தினால், பணியில் நடந்த விபத்தாகவே ஈஎஸ்ஐ எடுத்துக்கொள்கிறது. அப்படி ஏற்றுக்கொண்டால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். சாதாரண நோய் விடுப்பாகப் போனால் 70 சதவீதம்தான். கடை முதலாளி விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும், ஈஎஸ்ஐ மருத்துவரின் சான்று வேண்டும். மூன்று வாரம் ஓடிவிட்டதால் இந்த வாரமே கணவரைக் கிளை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் பில், போலீஸில் பதிவாகியிருந்தால் அதன் நகல் எல்லாம் கையில் இருக்கட்டும்.

காதுகுத்து

போகலாம். ஆனால் குலதெய்வக் கோயிலைச் சுற்றி மணல் என்று எழுதியிருக்கிறீர்கள். மணலில் கட்டையின் நுனி புதைந்து உடம்பு ஒரு பக்கம் சாயும். எவ்வளவு பழகியவரும் அதில் தடுமாறுவார். வேனைக் கோயில் வாசல் வரை கொண்டுவரச் சொல்லுங்கள். கை வைத்த நாற்காலி ஒன்றை வேனிலேயே ஏற்றிக்கொண்டு, மணல் உள்ள தூரத்துக்கு இரண்டு பேர் உங்களை அதில் தூக்கிப் போகட்டும். பட்டுப்புடவையின் கொசுவம் கட்டையில் மாட்டும். சுடிதார் போட்டால் பெரியம்மா மரியாதை குறைந்துவிடாது. ஆறாவது வார எக்ஸ்ரே விழாவுக்கு முன்பா பின்பா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. எக்ஸ்ரே முன்பே என்றால், அதைப் பார்த்து எத்தனை கிலோ வரை ஊன்றலாம் என்று சர்ஜனிடம் எண்ணிக்கையாகவே கேட்டு வாங்குங்கள். வீட்டில் எடை மிஷின் இருந்தால், கட்டைகளைப் பிடித்தபடி அந்தக் காலை மட்டும் அதன் மேல் வைத்து அழுத்தி, அந்த எடை எப்படி இருக்கும் என்று காலுக்குப் பழக்கிவிட்டுப் புறப்படுங்கள்.